பெயரை மாற்றினால் போதுமா, வக்கீலம்மா?

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 59. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுத உட்கார்ந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார்கள். பெரியப்பா டச் (வெள்ளியின் சுத்தம்) குறைத்துச் சரக்கு அனுப்பினார், பழி அப்பா தலையில் விழுந்தது. 1983-இல் பாகப்பிரிவினை வழக்காகி வீடு இரண்டானது. அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பாவுக்கு 84 வயது, நன்றாக இருக்கிறார். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டரை (கணக்கு எழுதுபவரை) கட்டிக்கொண்டு போன அத்தையின் கதையும் வருகிறது. அத்தையும் இப்போது இல்லை. அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை அப்படியே சேர்த்திருக்கிறேன். பள்ளித் தோழி ஒருத்திக்கு வாத்தியார் ஒருவரால் நேர்ந்த கொடுமை ஓர் அத்தியாயம். இது நாவலா, தன்வரலாறா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் 'பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்றும் போட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று அத்தியாயம் அனுப்பினேன். அன்றிலிருந்து தம்பி பேசுவதில்லை. பெரியப்பா மகன், 'புத்தகம் வரட்டும், ஒரு கோடிக்கு கேஸ் போடுறேன்' என்கிறான். 300 பிரதிதான் அடிக்கப் போகிறேன். பெயர் மாற்றியது போதாதா? பெரியப்பாவிடம் முன்கூட்டியே காட்ட வேண்டுமா?

— ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, கடிதமும் கூட வைத்திருந்த நாற்பது பக்கங்களும் வந்து சேர்ந்தன. உங்களுக்குப் பதில் சொல்லும் முன் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே இருக்கும் கடிதம் இவர் எழுதியபடியே இல்லை. இவர் சம்மதத்தோடு முறை, வயது, ஆண்டு, உடல் அடையாளம் என்று பலவற்றை மாற்றிவிட்டேன். குகையில் போய் யார் வீட்டுப் பெரியப்பா என்று விசாரிக்க வேண்டாம். கிடைக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் பெரியப்பா முதன்முதலாக வரும் பத்தியை மட்டும் எடுத்து, பெயரை அடித்துவிட்டு, எங்கள் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். ஒரு காது மந்தம், நெற்றியில் சாந்து, சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்கும் புல்லட், பச்சை வாசற்கதவு, ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையில் வருஷா வருஷம் முருகன் வேஷம். குமாஸ்தா குகையில் பிறந்தவர். கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை, உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார். "புல்லட்டை வித்துட்டாரே மேடம், இப்ப அவர் மகன்தான்..." என்று மேலே வேறு போனார். நிறுத்தச் சொன்னேன். (பயப்படாதீர்கள், ஆபீஸ் விஷயம் அவர் வாயிலிருந்து வெளியே போகாது. இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.)

வண்டி வேடிக்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் மேல் சிவனும் பார்வதியும் முருகனும் அத்தனை அலங்காரத்தோடு நிற்பார்கள். கீழே கூட்டத்தில் நிற்பவர்களோ, "அட, அது நம்ம மளிகைக்கடைக்காரர் மகன்டா" என்பார்கள். நீங்கள் பெரியப்பாவுக்குக் கட்டியிருப்பது அந்த மாதிரி வேஷம். வெளியூர்க்காரருக்கு முருகன், உள்ளூர்க்காரருக்கு உங்கள் பெரியப்பா.

அவதூறு வழக்கில் கோர்ட் பார்ப்பது உள்ளூர்க்காரர் கண்ணைத்தான். அந்த மனிதரைத் தெரிந்த சாதாரண ஆள் ஒருவர் படித்தால், இது இன்னார் என்று எடுத்துக்கொள்வாரா? எடுத்துக்கொள்வார் என்றால் பெயர் கந்தசாமியாக இருந்தாலும் கருப்பண்ணனாக இருந்தாலும் ஒன்றுதான். நாடு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரிந்தால் போதும். முந்நூறு பிரதியா மூவாயிரமா என்பது நஷ்ட ஈட்டுத் தொகையைக் கூட்டிக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. சம்பந்தப்பட்டவரைத் தவிர இன்னும் ஒரே ஒருவர் படித்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளியீடு. அப்படிப் பார்த்தால் உங்கள் புத்தகம் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. வெளியீட்டு விழா வாட்ஸ்அப்பில் நடந்தது, தலைமை தாங்கியவர் உங்கள் தம்பி.

'யாவும் கற்பனையே' என்ற வரிக்கு ஒரு கதை இருக்கிறது. ரஷ்யாவில் அரச குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடீனைக் கொன்றவர்களில் ஒருவர் இளவரசர் யூசுபோவ். கொன்றதாக அவரே பகிரங்கமாக எழுதியவர். 1932-இல் அமெரிக்காவின் எம்ஜிஎம் நிறுவனம் இதைப் படமாக எடுத்தது. பெயர்களை மாற்றிவிட்டார்கள். ஆனால் இளவரசரின் மனைவி என்று பார்ப்பவர்கள் நினைக்கக்கூடிய பாத்திரத்தை ரஸ்புடீன் கெடுத்துவிடுவதாகக் கதையில் சேர்த்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இளவரசி இரினா லண்டனில் வழக்குப் போட்டார். 1934-இல் 25,000 பவுண்டு நஷ்ட ஈடு கிடைத்தது, அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. 'எவரையும் குறிப்பன அல்ல' என்ற வரி சினிமாவில் வாடிக்கையானது அதற்கப்புறம்தான். வரியைப் போடுவதில் தவறில்லை, உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று காட்ட ஓரளவு உதவும். ஆனால் உள்ளே ஆள் அப்பட்டமாகத் தெரியும்போது அந்த வரி குடை பிடிக்காது.

அந்த வழக்கில் இன்னொன்றைக் கவனியுங்கள். கொலை நடந்தது உண்மை, அதைக் காட்டியதால் அவர்கள் மாட்டவில்லை. சேர்த்த சரக்கில்தான் மாட்டினார்கள்.

உங்கள் கையெழுத்துப் பிரதியில் பக்க ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். 31-ஆம் பக்கத்தில், பெரியப்பாவுக்கு அம்மாபேட்டையில் இன்னொரு குடும்பம் இருந்ததாக வரும் இடத்தில், 'இது கதைக்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீங்கள் பயந்துகொண்டிருப்பது டச் விவகாரத்தைப் பார்த்து. நான் பயப்படுவது இந்த அம்மாபேட்டை வீட்டைப் பார்த்து. டச் விவகாரம் உண்மை என்றால் அதற்கு ஆதாரம் தேடலாம், சாட்சி தேடலாம். நீங்களே கட்டிய வீட்டுக்கு எங்கே போய்ப் பட்டா வாங்குவது? ஆளை அடையாளம் தெரியும்படி வைத்துக்கொண்டு நடக்காததைச் சேர்ப்பதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய ஆபத்து. நாவல் என்று பெயர் வைத்தால் அந்தச் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாவல் என்று சொன்ன பிறகு 'எல்லாம் உண்மை' என்று வாதாடுவதுதான் கஷ்டமாகிவிடுகிறது.

ஆக, பாத்திரத்துக்குப் பாத்திரம் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இவரை உள்ளபடியே எழுதப் போகிறேனா? அப்படியானால் கண்டது, கேட்டது, காட்டக்கூடியது தவிர ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. இல்லை, கதைக்கு வேண்டியதைச் சேர்க்கப் போகிறேனா? அப்படியானால் அவர் பெரியப்பாவாகவே இருக்கக் கூடாது. வேறு ஊர், வேறு உறவு, வேறு உடம்பு, முடிந்தால் வேறு தொழில். அண்ணன் தம்பியை ஏமாற்றியது வேண்டாம், பங்காளி இல்லாத ஒரு கூட்டாளி ஏமாற்றட்டும். அதையும் செய்துவிட்டு முன்னுரையில் 'என் தந்தையின் பட்டறை நினைவுகளே இந்நாவல்' என்று எழுதினால் போட்ட வேஷம் அங்கேயே கலைந்தது. வெளியீட்டு விழாவில் யாராவது மைக்கைக் கொடுத்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகிவிட்டன. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதுச் சட்டத்தில் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் சரிதான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் என் உடன்பாட்டை யார் கேட்டார்கள்? இது கிரிமினல். இதற்குப் பக்கத்திலேயே நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கு தனியாக உண்டு. இரண்டையும் சேர்ந்தாற்போலப் போடலாம்.

உண்மை என்று நிரூபித்தால் சிவிலில் தப்பிக்கலாம். கிரிமினலில் உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இங்கேதான் உங்கள் பெரியப்பா விஷயம் சிக்கலாகிறது. வெள்ளியில் டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. ஒரு கொலுசு வியாபாரியைப் பார்த்து 'டச் குறைத்தான்' என்பது அவர் தொழில் நாணயத்தின் மேலேயே கை வைப்பது. ஒருவரின் ஒழுக்கம், சாதி, தொழில், கடன் நாணயம் இவற்றைப் பிறர் மதிப்பில் தாழ்த்துவதை அவதூறு என்று சட்டமே எடுத்துச் சொல்கிறது. 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்களும் அங்கே உண்டு. அப்பா மேல் விழுந்த பழியைத் துடைக்கவே எழுதினேன் என்று, நல்லெண்ணத்தோடு ஒருவரின் நலனைக் காக்கச் சொன்னதற்கு இருக்கும் விதிவிலக்கில் வாதாட இடம் இருக்கிறது. ஜெயிக்கும் என்று கையடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் வாக்கியங்களையே எடுத்துப் பார்ப்போம். 14-ஆம் பக்கம்: 'பெரியப்பா இரவோடு இரவாக எழுபது டச் சரக்கை எண்பது என்று சொல்லிச் செவ்வாய்ப்பேட்டைக்கு அனுப்பினார். கூடப் பிறந்தவன் கழுத்தை அறுத்த பிறவித் திருடர் அவர்.' இரவோடு இரவாக என்றால் யார் பார்த்தது? உங்களுக்கு அப்போது பதினாறு வயது, தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுபது என்று யார் உருக்கிப் பார்த்தது? 'அப்பா சொன்னார்' என்பீர்கள். ஒருவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன் என்பது அவதூறு வழக்கில் தற்காப்பு ஆகாது. ஊரே பேசியது என்றாலும் ஆகாது. 'பிறவித் திருடர்' என்பதில் தகவலே இல்லை, கோபம்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் உங்களை நிறுத்திக்கொண்டு முதலில் படிக்கப்போவது அந்த இரண்டு சொற்களைத்தான். உங்களுக்கு அவர் மேல் வன்மம் என்று காட்ட அதைவிட வசதி வேறில்லை.

இப்போது 22-ஆம் பக்கத்துக்கு வாருங்கள். 'காலையில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு ஜோடிக் கொலுசைத் திண்ணையில் போட்டார்கள். அப்பா அதை எடுத்து வெகுநேரம் விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பெரியப்பா பட்டறைக்கு வரவில்லை. அம்மா யாருக்கும் சோறு போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.' இதுவும் நீங்கள் எழுதியதுதான். இதில் ஒவ்வொரு வரியும் நீங்கள் கண்ணால் கண்டது, கூண்டில் ஏறி நின்று சொல்லக்கூடியது. இதிலிருந்தும் படிப்பவர் ஒரு முடிவுக்கு வருவார், மறைமுகக் குற்றச்சாட்டு என்று வாதாடவும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் 14-ஆம் பக்கத்தோடு ஒப்பிட்டால் இதைக் காப்பாற்றுவது எவ்வளவோ எளிது. எழுத்தாகவும் இதுதான் உசத்தி என்று எனக்குத் தோன்றுகிறது, நான் இலக்கியம் படித்தவள் இல்லை என்றாலும்.

அப்பாவின் கணக்கு நோட்டு இருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இறந்துபோனவர் தொழில் நடைமுறையில் தன் கைப்பட எழுதிவைத்த கணக்கைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்தத் தேதியில் என்ன டச் சரக்கு, யாருக்கு, எவ்வளவு திரும்பி வந்தது என்பதெல்லாம் அதில் இருந்தால் உங்கள் கதைக்கு அது தூண்.

இன்னொரு தூண் 1983 வழக்கு. இங்கே உள்ளூர்ச் செய்தி ஒன்று. ஆட்டோ சங்கரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1995 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டது நம் சேலம் மத்திய சிறையில். அதற்கு முன் அவர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அந்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் இன்றைக்கும் வாழ்க்கைக் கதை எழுதும் எவருக்கும் அடிப்படை. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்றது தீர்ப்பு. ஆகவே 1983 வழக்கின் எண்ணைத் தேடுங்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சம்மன் ஏதாவது இருக்கும். எண் கிடைத்தால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்று நகல் கேட்போம். தீர்ப்பில் நீதிபதி சரக்கைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தால், அந்த வரியை அப்படியே நீங்கள் எழுதலாம். தீர்ப்பில் இல்லாததைத் தீர்ப்பின் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அதே தீர்ப்பு இன்னொரு பக்கம் கதவைச் சாத்தவும் செய்கிறது. குடும்பம், திருமணம், மகப்பேறு, தாய்மை போன்ற அந்தரங்க விஷயங்களைச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. உண்மையாக இருந்தாலும் கூடாது, புகழ்ந்து எழுதினாலும் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் அழுத்திச் சொல்லியது. அத்தையின் கதைக்கு இது முக்கியம்.

அத்தை காலமாகிவிட்டார், ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்கள். பாதி சரி. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த படங்களுக்குத் தடை கேட்டு அவர் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் பெற்றிருந்த அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, சொத்தைப்போல வாரிசுக்கு இறங்காது என்றது. அந்த அளவுக்கு உங்களுக்குச் சாதகம். ஆனால் கிரிமினல் சட்டத்தில், இறந்தவரைப் பற்றிச் சொன்னது அவர் உயிரோடு இருந்தால் பெயரைக் கெடுக்கும் என்ற வகையாகவும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னதாகவும் இருந்தால் அதுவும் அவதூறுதான். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அத்தையின் மூத்த மகன் எஸ்டேட் ரைட்டருக்குப் பிறந்தவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை போய்விட்டார், மகன் இருக்கிறாரே! அந்த வரி அவரைப் பற்றியது. அவர் நேராக வழக்குப் போடலாம். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் மேலே சொன்ன அந்தரங்கம் குறுக்கே நிற்கும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அத்தை மலையேறிப் போன நாளும், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்ததும், காப்பிப் பூ பூத்த வாரம் எஸ்டேட் முழுக்க மணத்ததும், இரவு விறகு நனைந்து அடுப்பு எரியாமல் அழுததும் இருக்கின்றன. அவர் துக்கம் அதிலேயே இருக்கிறது.

கடிதங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். காகிதம் உங்களுடையது, வாசகம் உங்களுடையது இல்லை. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. நம் நாட்டில் பொதுவாக எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அது நிற்கும். அத்தையின் பிள்ளைகள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் அப்படியே போடலாம். கொடுக்கவில்லை என்றால் உங்கள் சொற்களில் சொல்லுங்கள். 'அண்ணி, இங்கே மழை விட்டபாடில்லை' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை விட்டுக்கொடுப்பது கஷ்டம்தான், எனக்கே மனசு வரவில்லை. அவர்களிடம் கேட்டுத்தான் பாருங்களேன். மூத்தவரைப் பற்றிய வரியை எடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் நல்லது.

தோழியின் அத்தியாயத்தில் நான் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. வன்புணர்வுக்கு உள்ளானவரின் பெயரையோ, அவர் யார் என்று தெரியவைக்கும் எந்த விவரத்தையோ அச்சிடுவதே தனிக் குற்றம். பழைய சட்டத்தில் 228ஏ, இப்போது 72-ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை. இங்கே உண்மை, பொது நன்மை, நல்லெண்ணம் எதுவும் கை கொடுக்காது. பள்ளியின் பெயர், தெரு, அவள் அண்ணன் கடை என்று நீங்கள் வைத்திருக்கும் அத்தனை விவரமும் போக வேண்டும். வழி ஒன்றுதான்: அந்தத் தோழியே விரும்பி, எழுத்தில் சம்மதம் தந்தால் சட்டம் அனுமதிக்கிறது. அவரைத் தேடிப் போய்க் கேட்கலாமா என்பது சட்டக் கேள்வி இல்லை. நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண்ணின் வாசலில் போய் நின்று கேட்கும் முன் நன்றாக யோசியுங்கள். வாத்தியார் மேல் புகார், வழக்கு, தீர்ப்பு ஏதும் இல்லாத நிலையில் அவரையும் அடையாளம் காட்டாதீர்கள். அவரைக் காட்டினால் தோழியும் தெரிந்துவிடுவாள்.

சின்னச் சின்ன விஷயங்கள். எஸ்டேட்டின் உண்மைப் பெயரை எடுங்கள், நிறுவனங்களும் அவதூறு வழக்குப் போடலாம். புதுப் பெயர் வைக்கும்போது ஏற்காட்டில் அந்தப் பெயரில் வேறு எஸ்டேட் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'அந்தச் சந்தில் இருந்த நாலு பட்டறையும் கலப்படம்' என்ற வரியில் நாலு பேரும் தனித்தனியாக வரலாம், கூட்டம் சிறிதாகச் சிறிதாக ஆபத்து பெரிது. சாதியைச் சொல்லிப் பொதுவாக ஏசும் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன, பேச்சில் வருவதாக இருந்தாலும் அவை கதைக்கு எதையும் தரவில்லை. பக்கத்துத் திருச்செங்கோட்டை வைத்து எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகன் பட்ட பாடு நமக்குத் தெரியும். அது தனிமனித அவதூறு இல்லை, ஊரின் கோபம். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. 2015-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானப் பேச்சு என்று அவரைக் கூப்பிட்டு மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களையும் யாராவது 'பேசி முடிச்சுக்கலாம் வாங்க' என்று ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், வக்கீல் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு கோடி விஷயம். தமிழ்நாட்டில் நஷ்ட ஈட்டு வழக்குக்குக் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சம் முதலில் கட்ட வேண்டும். வக்கீல் நோட்டீஸில் எத்தனை பூஜ்ஜியம் போட்டாலும் செலவில்லை, அதனால் போடுவார்கள். எழுத்தில் வந்த அவதூறுக்கு சிவில் வழக்கு, வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். கிரிமினலுக்கு மூன்றாண்டு. நான் பயப்படுவது கிரிமினல் பக்கம். பெரியப்பாவோ மகனோ மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் கொடுத்தால், விசாரணைக்கு எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தில் வந்திருக்கிறது, நல்ல மாற்றம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம், சமாதானமும் ஆகலாம். ஆனாலும் வாய்தா வாய்தாவாக வந்து, பெயரைக் கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்பது இருக்கிறதே, தீர்ப்பில் வரும் தண்டனையைவிட அதுதான் ஆளைத் தேய்க்கும். என் கட்சிக்காரர் ஒருவர், எழுத்தாளர், நான்கு வருஷம் நின்றார். கடைசியில் ஒரு வருத்த வரியில் சமாதானம் ஆனது. அதற்கப்புறம் அவர் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.

வெளிவரும் முன்பே தடை வாங்கிவிடுவார்களா? எழுதியவர் 'நிரூபிக்கத் தயார்' என்று நின்றால், வந்த பிறகு நஷ்ட ஈடு கேட்டுக்கொள் என்பதே கோர்ட்டுகளின் பொதுவான போக்கு. ஆனால் இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் காலம் போய்விடும். எழுத்தாளர் குஷ்வந்த் சிங்கின் தன்வரலாற்றுக்கு மேனகா காந்தி 1995-இல் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது 2001-இல். புத்தகம் வந்தது 2002-இல். அவரால் காத்திருக்க முடிந்தது. உங்கள் தம்பியைப் பொறுத்தவரை, 'குடும்ப மானம்' என்று ஒரு வழக்கு கிடையாது. அவரைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால்தான் அவர் வர முடியும். நான் படித்த பக்கங்களில் அவர் பம்பரம் விடுகிறார், வேறொன்றும் செய்யவில்லை.

அச்சகத்தாரிடம் விஷயத்தை மறைக்காதீர்கள், அவதூறு என்று தெரிந்தே அச்சிடுவதும் விற்பதும் அதே பிரிவில் குற்றம். பதிப்பகம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒப்பந்தத்தில், எந்த வழக்கு வந்தாலும் முழுச் செலவும் ஆசிரியர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் யாரும் படிக்காத வரி. படியுங்கள்.

பெரியப்பாவிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எழுத்தில் சம்மதம் கிடைத்தால் அதைவிடப் பெரிய கவசம் இல்லை, கிடைக்காது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மகன் இல்லாத நேரமாக, கையெழுத்துப் பிரதி இல்லாமல், வெறுங்கையோடு. அந்த வருஷம் பட்டறையில் என்னதான் நடந்தது பெரியப்பா என்று கேளுங்கள். 84 வயதில் மனிதர்கள் நாம் எதிர்பார்க்காததைச் சொல்வார்கள். அவர் ஒத்துக்கொள்ளலாம், விரட்டியடிக்கலாம், உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லலாம். மூன்றாவதுக்குத் தயாராகப் போங்கள்.

அதற்கு முன் வாட்ஸ்அப் குழுவில் போட்டதை நீக்க முடிந்தால் நீக்குங்கள், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள் என்றாலும். மீதி அத்தியாயங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம். கணக்கு நோட்டையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீஸுக்கு வாருங்கள், பகலில் நான் கோர்ட்டில் இருப்பேன். மூலத்தைக் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். பென்சில் குறிப்பு உள்ள பிரதி ஒன்றுதானே இருக்கிறது? எது நடந்தது, எது சேர்த்தது என்று நாம் பிரிக்க அது வேண்டும். ஆனால் அதே பிரதி பெரியப்பா மகன் கைக்குப் போனால், 'பொய் என்று தெரிந்தே எழுதினார்' என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி. வரும்போது பையில் மேலாக வைக்காமல் அடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.